தண்டவாளம் போன பாதையில் மலைக்கிராமம் வருமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

ஸ்பெயினில் கார், லாரித் தொந்தரவு இல்லாமல் ஐந்தாறு நாள் சைக்கிளில் சுற்ற ஆசை. மலைநாடாக இருக்க வேண்டும், பழைய கிராமங்கள் வேண்டும். யாரைக் கேட்டாலும் பழைய ரயில் பாதைகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரயில் பாதை என்றாலே சமதளம். சமதளத்தில் மலைக்கிராமம் எங்கிருந்து வரும்? ரயிலுக்காகக் குடைந்த குகைக்குள் நுழைந்து வெளியே வந்து, பாழடைந்த நாலு ஸ்டேஷனைப் பார்த்துவிட்டுத் திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டுமா? எனக்கு 54 வயது, மனைவிக்கு 51. அவருக்கு ஒரு முழங்காலில் வலி உண்டு.

பிப்ரவரி 3, இரவு

பாதி சரி, பாதி தப்பு.

பாதை சமதளம்தான். நூறு மீட்டருக்கு இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் ஏறச் சொன்னால் பழைய நீராவி இன்ஜின் திணறும். அதனால்தான் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்குக்கு மேல் பாலம் போட்டார்கள். நீங்கள் போகும் கோடு சமம், சுற்றி இருக்கும் நாடு சமம் இல்லை. தார்ச்சாலையில் போனால் மூச்சு வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு கடக்கும் அதே மலைகளை இங்கே தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய விஷயம்.

ஸ்பெயினில் இவற்றுக்கு 'வியா வெர்தே' என்று பெயர், பச்சைப் பாதை. எழுதுவது வி, ஆனால் அவர்கள் வாயில் 'பியா பெர்தே' என்றுதான் வரும். வழி கேட்கும்போது அப்படியே கேளுங்கள். 1993இல் ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை தொடங்கிய வேலை. இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

என் பரிந்துரை தெற்கு ஸ்பெயினில் ஆண்டலூசியாவின் வியா வெர்தே தெ லா சியெர்ரா. ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர், 30 குகைகள், 4 பெரிய பாலங்கள். 2017 ஏப்ரலில் போனேன். அந்தப் பாதையில் ஒருநாள்கூட ரயில் ஓடியதில்லை. 1920களில், சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேரா ஆட்சியில், ஹெரெஸிலிருந்து அல்மார்ஹென் வரை ரயில் விட மலையைக் குடைந்தார்கள். குகை, பாலம், ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் எழும்பின. அதற்குள் பணமும் போனது, உள்நாட்டுப் போரும் வந்தது. ரயில் வரவே இல்லை. பயணியே ஏறாத அந்த ஸ்டேஷன்களில் சில இன்று தங்கும் விடுதி, சாப்பாட்டுக்கடை.

எல்லாக் குகையிலும் விளக்கு இருக்கிறது, பயம் வேண்டாம்.

பிப்ரவரி 4

திருத்தம். "எல்லாக் குகையிலும் விளக்கு" என்று எழுதியதை நம்பிப் போகாதீர்கள். பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. ஆள் வருவதை உணர்ந்து எரியும் விளக்குகள், ஒரு குகையில் எரியவே இல்லை. மிக நீளமான குகை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நடுவில் இருட்டினால் வாசலும் தெரியாது, சக்கரத்துக்கு அடியில் இருப்பதும் தெரியாது. ஹேண்டில்பாரில் நல்ல விளக்கு ஒன்று கட்டாயம். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும், கூரையிலிருந்து நீர் சொட்டும். மெல்லிய மேல்சட்டை ஒன்று கைக்கெட்டும் பையில் வையுங்கள், அடியில் திணிக்காதீர்கள்.

பிப்ரவரி 9

ஐந்து நாள் கேட்டவருக்கு ஒரு நாள் பாதையைக் கொடுத்திருக்கிறேன். சியெர்ரா 36 கிலோமீட்டர்தானே. நிதானமாகப் போனாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

ஐந்து நாளுக்கு உரியது வியா வெர்தே தெல் அசெய்த்தே, எண்ணெய்ப் பாதை. ஹாயென் நகரத்திலிருந்து கார்டோபா மாகாணத்துப் புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர். இதில் ரயில் ஓடியது. லினாரெஸ் சுரங்கத்து ஈயத்தையும் இந்த மலைகளின் ஆலிவ் எண்ணெயையும் சுமந்தது. 1893இல் வழி முழுதாகத் திறந்தது, 1985இல் மூடினார்கள். ஊர்க்காரர்கள் இன்றும் 'எண்ணெய் ரயில்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஹாயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். படித்தால் வெறும் எண். மார்த்தோஸ் தாண்டி ஒரு மேட்டில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திச் சுற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். குன்றுக்குப் பின் குன்று, கோலம் போடப் புள்ளி வைத்ததுபோல் மரங்கள். நெல்வயலும் தென்னந்தோப்பும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் இது வறட்சியாகத் தெரியும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

வழியில் மார்த்தோஸ், அல்காவுதெத்தே, பிறகு குவாதஹோஸ் ஆற்றின் மேல் 200 மீட்டருக்கு மேல் நீளமான இரும்புப் பாலம். அதுதான் இரண்டு மாகாணத்துக்கும் எல்லை. அப்புறம் லூக்கே, சுவேரோஸ், தோஞ்ஞா மென்சியா, காப்ரா, லூசேனா. பாலங்கள் எல்லாம் பாரிஸ் கோபுரத்தின் ஈஃபெல் கட்டியவை. மூன்று நாள் போதும்.

பிப்ரவரி 10

ஈஃபெல் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். வழியில் டீக்கடைப் பெஞ்சு மாதிரியான இடங்களில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் கேட்டதை எழுதிவிட்டேன். ஈஃபெல் காலத்துப் பாணி, அவ்வளவுதான். அவர் கை பட்ட பாலங்கள் இல்லை. பாரிஸ் பெயர் ஒட்டாவிட்டாலும் பாலத்துக்கு ஒன்றும் குறையவில்லை. சுவேரோஸ் அருகே உள்ள பாலத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தால் பாறை நுனியில் கோட்டையும் அதன் காலடியில் வெள்ளை வீடுகளும் தெரியும். நான் அங்கே நாற்பது நிமிடம் நின்றேன்.

பிப்ரவரி 18

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்டேஷன் எல்லாம் ஊரை விட்டு ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது? மக்களுக்காகப் போட்ட ரயில்தானே?" முதலில் கேள்வி போட்டவரின் சந்தேகமும் இதேதான் என்று இப்போது புரிகிறது. நான் முதல் நாளே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த ஊர்கள் ஏன் பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன? 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1492இல் கிரனாடா விழும் வரை, இருநூறு ஆண்டுக்கு மேல், இந்த மலைகள்தான் கஸ்தீலின் கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் நடுவில் எல்லை. ஆண்டலூசியாவில் எத்தனையோ ஊர்ப் பெயர்களில் 'தெ லா ஃப்ரொன்தேரா' என்ற வால் தொங்குகிறது, அது எல்லை என்ற சொல். ஒல்வேரா 1327இல் கஸ்தீலின் கைக்கு மாறியது. அதன் அருகே உள்ள செத்தெனில் 1484 வரை தாக்குப் பிடித்தது. அல்காவுதெத்தேயின் கோட்டை கலத்ராவா என்ற போர்த்துறவிகள் சபையின் கையில் இருந்தது. எதிரி வருவது தெரிய வேண்டும், சுலபத்தில் ஏற முடியக் கூடாது. அந்தக் கணக்கில் இடம் பிடித்தவை இந்த ஊர்கள்.

ரயில் நானூறு வருஷம் கழித்து வேறு கணக்கோடு வருகிறது. எண்ணெய்ப் பீப்பாயும் ஈயமும் ஏற வேண்டும், ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் ஓரத்தை ஒட்டியே போயாக வேண்டும்.

ஒன்று உச்சியில், ஒன்று அடியில். நடுவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல். அந்தத் துண்டுதான் உங்கள் மலை ஏற்றம். ரயில் பாதையில் வரும் நிறையப் பேர் அதைத் தவிர்த்துவிட்டு, ஸ்டேஷன் கடையில் ஒரு காபி குடித்து, "கிராமமே இல்லை, சும்மா ஆலிவ் மரம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 2017இல் நானும் சுவேரோஸுக்கு மட்டும் ஏறினேன். லூக்கேயைக் கீழேயே நின்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் கேள்விக்கு நேர் பதில்: பாதையில் மலைக்கிராமம் வராது. பாதையிலிருந்து நீங்கள்தான் கிராமத்துக்கு ஏறிப் போக வேண்டும். நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம், அதுவும் பெட்டியை இறக்கிவைக்கும் நேரத்தில். மற்ற நேரம் முழுக்கக் கால் ஓய்வாகச் சுற்றும்.

பிப்ரவரி 19

முழங்கால் பற்றி. சுவேரோஸுக்கு ஏறும் சாலை தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. இந்தச் சேர்க்கை உங்கள் வாடகை சைக்கிளில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். கனத்த கியரில் நின்று மிதிப்பதுதான் முழங்காலைத் தின்னும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், என் மனைவி எப்போதும் அப்படித்தான். தள்ளிப் போனவர்தான் பூனைகளையும் ஜன்னல் பூத்தொட்டிகளையும் பார்த்தார், நான் என் முன்சக்கரத்தை மட்டும் பார்த்தேன்.

பேட்டரி சைக்கிள் எடுக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சமதளத்தில் அணைத்து வைத்துவிட்டு, ஊருக்கு ஏறும்போது மட்டும் போட்டால் ஒரு சார்ஜ் நாள் முழுக்க வரும்.

மார்ச் 2

எண்ணெய் என்றதும் சொல் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார் ஒருவர். அவர் சொன்னது சரி. 'அசெய்த்தே' அரபுச் சொல், அஸ்-ஸைத். ஆலிவ் காய்க்கு 'அசெய்த்தூனா', அதுவும் அரபு. எண்ணெய்ச் செக்குக்கு 'அல்மசாரா', அதுவும் அரபு. குவாதஹோஸ், குவாதலேத்தே, குவாதல்கிவீர் என்று ஆறுகளுக்கு முன்னால் வரும் 'குவாத்' அரபு வாதி, ஆற்றுப் பள்ளத்தாக்கு. எல்லைக்கோடு போய் ஐந்நூறு வருஷம் ஆனபின்னும் வழிப்பலகைகளில் அது பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரு பலகையைப் பார்த்ததும் நானும் மனைவியும் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்துக்கொள்வோம். அவர்தான் ஜெயிப்பார்.

லூசேனாவில் இன்னொரு அடுக்கு. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அது யூதர்களின் ஊர். இசாக் அல்ஃபாசி என்ற பெரிய யூதச் சட்ட அறிஞர் கடைசிக் காலத்தில் அங்கிருந்த கல்விக்கூடத்தை நடத்தினார், 1103இல் இறந்தார். இன்று லூசேனா மரச்சாமான் செய்யும் தொழில் நகரம். பாதை ஊர் ஓரத்துப் பட்டறைகளையும் ஒட்டிப் போகிறது. அந்தப் பகுதி அழகு இல்லை, மிதித்துக் கடந்துவிடுங்கள்.

மார்ச் 5

மார்த்தோஸ் பாறையைப் பற்றிக் கேட்டவருக்கு. ஊருக்கு மேல், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒற்றைப் பாறை அது. கதை இப்படி: கொலைப் பழி சுமத்தப்பட்ட கர்வஹால் சகோதரர்கள் இருவரை, நான்காம் ஃபெர்னாண்டோ அரசர் இரும்புக் கூண்டில் அடைத்து அந்த உச்சியிலிருந்து உருட்டச் சொன்னாராம். சாகுமுன் அவர்கள், "முப்பது நாளில் நீயும் கடவுள் முன் வந்து நிற்பாய்" என்று சொன்னார்களாம். கூண்டு, சாபம் எல்லாம் கதை. அரசர் 1312 செப்டம்பர் 7 அன்று ஹாயெனில் இறந்தது வரலாறு, வயது 26. 'எல் எம்ப்ளஸாதோ', அதாவது தவணை குறிக்கப்பட்டவர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

மதுரையை எரித்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அநியாயத் தீர்ப்பு, மாண்ட அரசன். அந்தப் பாறையைப் பார்த்தபடி காலைக் காபி குடித்தபோது எனக்கு நெடுஞ்செழியன் நினைவுதான் வந்தது.

மார்ச் 17

எந்த மாதம்? ஏப்ரல், மே முதல் பாதி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும், ஆலிவ் மரத்து நிழல் ஆட்டுக்குப் போதும், ஆளுக்குப் போதாது.

2019 நவம்பர் கடைசியில் போனேன், காய் பறிப்பைப் பார்க்கலாம் என்று. பார்க்க வேண்டிய காட்சிதான். மரத்தடியில் வலையை விரித்து, அதிர்வுக் கருவியால் கிளையைப் பிடித்து உலுக்கினால் காய்கள் மழையாய்க் கொட்டும். நீண்ட கழியால் தட்டுபவர்களும் உண்டு. ஆனால் தோப்பிலிருந்து வரும் டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடக்கும், மழை வேறு சேர்ந்துவிட்டால் அந்த மண் பசை மாதிரி. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரமே நின்றுபோனது. குச்சியால் நோண்டி நோண்டி மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். கார் இல்லாத பாதைதான், ஆனால் தோப்புக்காரர்களின் வேலைப் பாதையும் அதுவே என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், கை தூக்கி வணக்கம் சொல்வார்கள்.

அந்த மழை நாளில் அல்காவுதெத்தே பக்கம் ஒரு செக்கில் ஒதுங்கினோம். அன்றைக்குப் பிழிந்த எண்ணெய், பச்சை, கலங்கலாக. சுட்ட ரொட்டியில் ஊற்றி, உப்பு தூவிக் கொடுத்தார் ஒரு பெரியவர். தொண்டையில் மிளகு மாதிரிக் காரம் ஏறி இருமினேன். "இருமினால்தான் நல்ல எண்ணெய்" என்று சொல்லிச் சிரித்து இன்னொரு துண்டு நீட்டினார். நாம் வீட்டில் நல்லெண்ணெயை இட்லிப் பொடியில் குழைக்கிற அதே தாராளம்.

மார்ச் 18

முக்கியமானதை விட்டுவிட்டேன். நெருஞ்சி முள். நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி, மத்தியதரைக்கடல் ஓரத்திலும் தன் இஷ்டத்துக்கு வளர்கிறது. ஸ்பானியத்தில் 'அப்ரோஹோ'. கோடை முடிவிலும் அக்டோபரிலும் பாதை ஓரத்தில் காய்ந்து கிடக்கும். சைக்கிளைச் சாய்த்து வைக்க ஓரம் கட்டினீர்கள் என்றால் இரண்டு டயரும் போச்சு. வாடகைக்கு எடுத்த இடத்தில் கொடுத்த டயர் தேய்ந்துபோன ஒன்று, ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஒட்டினேன். தடித்த டயர் கேளுங்கள், இரண்டு டியூப் மாற்றுக்கு வைத்திருங்கள்.

மே 26

திரும்பிப் போய் வந்துவிட்டோம். இந்த இழையில் எழுதியதே என்னைக் கிளப்பிவிட்டது. பழைய குறிப்புகள் சிலவற்றைத் திருத்த வேண்டும்.

"மூன்று நாள் போதும்" என்றேனே, வேண்டாம். மூன்று நாளில் 128 கிலோமீட்டரை யாரும் மிதிக்கலாம். ஆனால் ஊருக்கு ஏற நேரம் இருக்காது, ஏறாவிட்டால் போனதற்கே அர்த்தமில்லை. ஐந்து இரவு வையுங்கள்: மார்த்தோஸ், அல்காவுதெத்தே, சுவேரோஸில் இரண்டு, காப்ரா. சுவேரோஸில் இரண்டாவது நாள் வௌவால் குகைக்குப் போகலாம். புதிய கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடம், ஊருக்கு மேல் இன்னும் சில கிலோமீட்டர் ஏற்றம், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகள் யுனெஸ்கோ புவிப்பூங்காவும்கூட. காப்ராவில் ஆறு ஊற்றெடுக்கும் இடம் ஒரு சின்னப் பூங்கா, வெயில் நாளில் கால் நனைக்கலாம்.

திசை: ஹாயெனில் தொடங்குவது நல்லது, மொத்தத்தில் இறக்கம். ஆனால் குவாதஹோஸ் பாலம் தாண்டியதும் தோஞ்ஞா மென்சியா வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு ஏற்றமாகத் தெரியாது. "ஏன் இன்றைக்குக் கால் ஓடவில்லை, பிரேக் உரசுகிறதா" என்று இறங்கிப் பார்த்தேன். பிரேக் சரியாகத்தான் இருந்தது.

ஒருவர் "மார்த்தோஸுக்கும் அல்காவுதெத்தேக்கும் நடுவில் சலித்தது" என்று எழுதியிருந்தார், அவரோடு அப்போது வாதாடினேன். இந்த முறை கவனித்தேன், ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆலிவைத் தவிர வேறொன்றும் இல்லை. வேறு பயிர் இல்லை, புல் இல்லை, பல தோப்பில் மண் வெறுமையாகக் கிடக்கிறது, மழை அடித்த இடங்களில் ஓடை அரித்திருக்கிறது. ஒரே பயிரை நம்பிய நிலம் அழகாகத் தெரிந்தாலும் நெஞ்சை என்னவோ செய்கிறது.

ரயிலில் சைக்கிள் ஏற்றுவது: அதிவேக ரயிலில் முழுச் சைக்கிளை ஏற்ற முடியாது, கழற்றிப் பைக்குள் போட வேண்டும். நடுத்தர தூர ரயில்களில் முழுதாக ஏற்றலாம், ஆனால் இரண்டு மூன்று சைக்கிளுக்குத்தான் இடம். முன்பே சைக்கிளுக்கும் சேர்த்துச் சீட்டு எடுங்கள்.

மே 27

சாப்பாடு. இரண்டு மணிக்குக் கடைகள் மூடினால் ஐந்து வரை கதவு திறக்காது. இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சைவம் என்றால் சல்மொரேஹோ கேளுங்கள், தக்காளியும் ரொட்டியும் எண்ணெயும் அரைத்த கெட்டியான குளிர்ந்த சூப். மேலே பன்றித் தொடைக் கறியும் முட்டையும் தூவுவார்கள், போடும் முன்பே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சுவேரோஸின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை மறக்காதீர்கள்.

ஜூன் 8

சியெர்ராவை நான் கைவிட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆறாவது நாள் மிச்சம் இருந்தால் அங்கே போங்கள். சஃப்ரமகோன் பாறையில் கூடு கட்டும் பிணந்தின்னிக் கழுகுகளுக்காகவே போகலாம். ஆண்டலூசியாவின் மிகப்பெரிய கூட்டங்களில் ஒன்று. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர். அதிகாலையில் போனால் பாறையில் உட்கார்ந்தே இருக்கும், வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்று மேலெழும்பினால்தான் பறக்கத் தொடங்கும். பதினொரு மணி வாக்கில் சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போயின. பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் அவற்றைக் கவனிக்கும் மையம் இருக்கிறது.

நம் ஊரில் பாறு எனப்பட்ட இனங்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பது தெரிந்தவர்களுக்கு அந்த வானம் வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு அதற்கு மேல் நான் மிதிக்கவில்லை.

அக்டோபர் 20

கேள்வி கேட்டவர் சுவேரோஸிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். இருவரும் கோட்டை வாசலில் நிற்கிறார்கள், சைக்கிளைத் தள்ளியே ஏறினார்களாம், முழங்கால் பரவாயில்லையாம். நாளைக்கு வந்த வழியே லூக்கேக்குத் திரும்பிப் போய் ஏறலாமா, நேராகக் காப்ரா போகலாமா என்று கேட்கிறார்.

லூக்கேக்குப் போங்கள். மே மாதம் நாங்கள் ஏறினோம். ஸ்டேஷனிலிருந்து ஊர் சில கிலோமீட்டர் தள்ளி, கடைசியில் மூச்சு வாங்கும். பாறையும் கோட்டையும் ஒன்றாகவே வளர்ந்ததுபோல் நிற்கும், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அடியில் சதுக்கத்தில் பெரிய தேவாலயம், பக்கத்தில் பெஞ்சு. மாலை வெயில் ஆறு மணி வாக்கில் அந்தப் பாறையில் விழும். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஓரத்தில் நெருஞ்சி இருக்கும், சைக்கிளைச் சதுக்கத்துக் கல்தரையில் சாயுங்கள்.